இனிப்புக்குப் பின் வரும் மயக்கம்

ஓப்பநாயக்க ஒரு காலத்தில் இரயில் பாதையின் கடைசி நிலையமாக இருந்தது. கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாகச் சென்ற களனிவெளிக் குறும்பாதை 1912-இல் இரத்தினபுரியை எட்டியது. 1919-இல் ஓப்பநாயக்கவில் வந்து நின்றது. சப்ரகமுவத் தோட்டங்களின் றப்பரையும் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்கிய பாதை அது. அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி 1976-இல் மூடப்பட்டது. இன்று பெல்மதுளையிலிருந்து பலாங்கொடைக்குச் செல்லும் பஸ் வண்டி அவ்வூரைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. ஆனால் பெருவீதியை விட்டு மேட்டில் ஏறினால் லயங்கள் அப்படியே இருக்கின்றன. அந்த லயங்களில் அன்றாடம் வழங்கும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம். அச்சொல் ‘மயக்கம்’.

தோட்டத்து மக்கள் இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனையோ துன்பங்களை அடக்கி வைத்திருக்கின்றனர். வெயிலில் வருவதும் மயக்கம். இரத்தம் குறைந்து வருவதும் மயக்கம். பேய் பிடித்ததாகச் சொல்லப்படுவதும் மயக்கம். ஆயினும் முதலிடம் பசி மயக்கத்துக்கே. விடியுமுன் எழுந்து, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, ஒரு கோப்பைச் சாயத்தண்ணியோடு பிரட்டுக்களத்துக்கு ஓடி, மலையேறிக் கொழுந்து கொய்யும் பெண்ணுக்குப் பத்து மணியளவில் கை நடுங்குகிறது; நெற்றி வியர்க்கிறது; கண் இருள்கிறது. பக்கத்து நிரையில் நிற்பவள் சீனி போட்ட தேத்தண்ணியைக் கொண்டுவரச் சொல்கிறாள். குடித்தவள் சிறிது நேரத்தில் எழுந்து கூடையை மாட்டிக்கொள்கிறாள். தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வைத்தியம் இது. பசி மயக்கத்துக்கு இது சரியான வைத்தியமே.

இன்னொரு மயக்கமும் உண்டு. அது பசித்த வயிற்றில் வருவதில்லை. உண்டு முடித்து ஒன்று, இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து வருகிறது. அதே நடுக்கம், அதே வியர்வை, அதே இருட்டு. உணவில் இனிப்பு மிகுந்திருந்தால் மயக்கமும் மிகுகிறது. இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வருவது இது. சிறப்பாக, உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு வேறு வழியில் இணைத்துக்கொண்டவர்களுள் ஒரு பகுதியினருக்கு, பெரும்பாலும் சிகிச்சை முடிந்து ஓராண்டோ அதற்கு மேலோ கழித்துத் தலைகாட்டுவது. சீனித் தேத்தண்ணி இவர்களையும் எழுப்பும். ஆனால் எழுந்தவரை மறுபடியும் வீழ்த்துவதும் அதே தேத்தண்ணியாக இருக்கலாம். இந்த விசித்திரத்தை மனிதகுலம் எவ்வாறு அறிந்துகொண்டது, யாருடைய உடலிலிருந்து அறிந்துகொண்டது என்பதே நாம் பேச எடுத்துக்கொண்ட சரித்திரம்.

“எடையைக் குறைக்கச் சத்திரசிகிச்சை செய்துகொள்வது பணக்காரர்களின் கவலையல்லவா? கால் வயிறு கஞ்சிக்கு வழியில்லாத தோட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கும் வாசகர் இருப்பார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை இச்சரித்திரத்துக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. வளர்ந்த மனிதனின் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம் ஓடுகிறது. அவ்வளவு இரத்தத்திலும் ஒரு நேரத்தில் கரைந்திருக்கும் சீனி சுமார் 5 கிராம்; அதாவது ஒரு தேக்கரண்டி. மூளை மட்டும் நாளொன்றுக்கு 120 கிராம் அளவு சீனியைக் கேட்கிறது. இந்த ஒரு கரண்டியை மிகாமலும் குறையாமலும் காத்துவர ஈரலும் சதையியும் இரவு பகலாக உழைக்கின்றன. இரத்தம் ஒரு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே சீனி இறங்கினால் உடல் எச்சரிக்கை மணியை அடிக்கிறது: நடுக்கம், வியர்வை, படபடப்பு, அடங்காப் பசி. 54-க்குக் கீழே இறங்கினால் மூளையே தடுமாறுகிறது. பேச்சுக் குழறும், கோபம் வரும், எதிரில் நிற்பவர் யாரென்று தெரியாது, ஈற்றில் வலிப்பும் நினைவிழப்பும். இந்நிலையில் உள்ளவரைக் குடிகாரர் என்று ஒதுக்குவதும், பேய் விரட்ட அழைத்துச் செல்வதும் எங்கோ நடப்பவையல்ல.

ஈரல் தானே சீனியை ஆக்கி இரத்தத்தில் விடுகிறது என்று பிரெஞ்சு விஞ்ஞானி குளோட் பேர்னார் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நிறுவினார். சதையியை அகற்றிய நாய்க்கு நீரிழிவு வருகிறது என்று 1889-இல் ஜெர்மனியில் மின்கோவ்ஸ்கியும் வொன் மேரிங்கும் கண்டனர். 1921-22-இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பாண்டிங், பெஸ்ட், கொலிப், மக்லியோட் ஆகியோரின் உழைப்பால் இன்சுலின் கையில் கிடைத்தது. 1922 ஜனவரியில் சாகக் கிடந்த பதினான்கு வயதுச் சிறுவனொருவனுக்கு அது உயிர் கொடுத்தது. இதுவரை பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை.

அதே ஆய்வுகூடத்தில் நடந்த இன்னொன்றை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. இன்சுலின் ஏற்றிய முயல்கள் சில, வலிப்பு வந்து விழுந்தன. சீனிக் கரைசலை ஊசியால் ஏற்றியதும், செத்தவை போலக் கிடந்த அவை எழுந்து உட்கார்ந்தன. மருந்தின் வலிமையை அளப்பதற்கே அந்த வலிப்பைத்தான் அவர்கள் முதலில் பயன்படுத்தினர்: எவ்வளவு மருந்தால் ஒரு முயலின் இரத்தச் சீனி வலிப்பு வரும் அளவுக்கு இறங்குகிறதோ அதுவே ஓர் அலகு. சீனி மிகுவது மட்டுமே நோய் என்றிருந்த காலத்தில், சீனி குறைவதும் ஆபத்து என்பதை முதலில் காட்டியவை பெயரற்ற அந்த முயல்களே.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1924-இல், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து வைத்தியர் சீல் ஹரிஸ் ஒரு கேள்வியை எழுப்பினார். இன்சுலின் ஊசியே போட்டுக்கொள்ளாத சிலருக்கும் இதே நடுக்கமும் வியர்வையும் வருகின்றனவே, அவர்களுடைய சதையி தானாகவே அளவு மீறி இன்சுலினைச் சுரக்கிறதோ? கேள்வி சரியானது. 1930-களில் நியூயோர்க் சத்திரசிகிச்சை வல்லுநர் அலன் விப்பிள் இதற்கு மூன்று சான்றுகளை வகுத்தார்: அறிகுறி இருக்க வேண்டும், அந்நேரத்தில் இரத்தத்தில் சீனி குறைந்திருக்க வேண்டும், சீனி கொடுத்ததும் அறிகுறி நீங்க வேண்டும். இன்றும் வைத்தியர்கள் கையாளும் உரைகல் இதுவே. ‘மயக்கம்’ என்ற நம் ஒற்றைச் சொல்லை விஞ்ஞானம் எவ்வாறு பிரித்தறியக் கற்றது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் இல்லை.

இனி இரைப்பைக்கு வருவோம். 1881-இல் வியன்னா நகரில் தியோடர் பில்றொத் புற்றுநோய் கண்ட இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டி அகற்றினார், நோயாளி பிழைத்தார். அதே ஆண்டில் அவருடைய உதவியாளர் வொல்ஃப்ளர், இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைத்துவிடும் இன்னொரு முறையைச் செய்து காட்டினார். அடைபட்ட கீழ்வாயிலைச் சுற்றிப் போக ஒரு புது வழி. இந்தப் புது வழிதான் பிற்காலத்தில் நம் தமிழ் மண்ணில் ஆயிரக்கணக்கான ஏழைகளின் வயிற்றில் வெட்டப்பட்டது.

தென் திருவிதாங்கூரின் நெய்யூர், 1956 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே இலண்டன் மிஷன் சங்கத்தின் வைத்தியப் பணி 1838-இல் தொடங்கியது. 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேயக் குழுவில் இருந்த ஹவார்ட் சோமர்வெல் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர், ஊர் திரும்புமுன் நெய்யூருக்கு வந்தார். காத்துக் கிடந்த நோயாளர் கூட்டத்தைக் கண்டார். இலண்டனில் தமக்குக் காத்திருந்த வாழ்வை விட்டு அங்கேயே தங்குவதென்று முடிவு செய்தார். பாதிரிமாரின் பணியைப் பற்றி நமக்குப் பல கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றை இங்கு இழுக்கவில்லை. அந்த மனிதர் கத்தி பிடித்த கையால் செய்ததை மறுப்பதற்கில்லை.

அவரைத் தேடி வந்த கூட்டத்தில் பெரும்பகுதியினர் வயிற்று வலிக்காரர். முன்சிறுகுடலில் புண், புண் ஆறித் தழும்பேறி வழி அடைபட்டு, உண்டதெல்லாம் வாந்தி. அவர்களுக்கு இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் சிகிச்சையைச் சோமர்வெல் ஆயிரக்கணக்கில் செய்தார். இரைப்பைச் சத்திரசிகிச்சை பற்றி அவர் எழுதிய நூல் 1948-இல் வெளிவந்தது. பிற்காலத்தில் வேலூர் கிறித்துவ வைத்தியக் கல்லூரியில் கற்பித்தார். ஏழைகளுக்கு ஏன் இத்தனை புண் என்ற கேள்வியும் அன்று எழுந்தது. குன்னூரில் உணவாராய்ச்சி செய்த மக்கரிசன், திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிக்கிழங்கு உணவை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்து, அவற்றின் இரைப்பையிலும் புண்ணைக் கண்டார். ஒருவகைக் கிருமியே பெரும்பாலான புண்களுக்கு அடிப்படை என்று 1980-களில் அவுஸ்திரேலியாவின் வொரனும் மார்ஷலும் நிறுவினர். 2005-இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். கிருமி என்று தெரிந்ததால் வறுமை குற்றமற்றதாகி விடவில்லை. நெருக்கமான குடிசையிலும் தூய்மையற்ற நீரிலும் பரவும் கிருமி அது. அது யாருடைய வயிற்றில் குடியேறும் என்பதைத் தீர்மானிப்பது கிருமி மட்டுமன்று.

இப்போது மயக்கத்துக்குத் திரும்பலாம். இயல்பான இரைப்பையின் கீழ்வாயிலில் ஒரு தசை வளையம் உண்டு. தோட்டத்து வாயிற்காவலனைப் போல, உணவைக் கொஞ்சங்கொஞ்சமாகவே அது குடலுக்குள் விடும். புது வழி வெட்டியதும் காவலனுக்கு வேலை இல்லை. உண்டது, குடித்தது எல்லாம் மடைதிறந்தாற்போலக் குடலில் இறங்குகிறது. இரைப்பை இவ்வாறு விரைந்து காலியாவதையும் அதனால் வரும் தொல்லைகளையும் 1913-இல் இங்கிலாந்தில் ஆர்தர் ஹேர்ட்ஸ் விவரித்தார். 1922-இல் சிக்காகோ நகரத்து மிக்ஸ் அதற்கு ‘கொட்டும் இரைப்பை’ என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். குப்பை வண்டி சரக்கைக் கொட்டுவது போன்ற பெயர். நயமற்றது, ஆனால் பொருத்தமானது. தொல்லை இரு தடவையாக வரும். உண்ட அரை மணிக்குள் வயிறு முறுக்கி, நெஞ்சு படபடத்து, படுக்கச் சொல்வது ஒன்று. ஒன்று முதல் மூன்று மணி கழித்து நாம் மேலே சொன்ன சீனித் தாழ்வு மற்றொன்று.

இந்தச் சீனித் தாழ்வின் காரணம் நெடுங்காலம் அரைகுறையாகவே விளங்கியது. குடலில் கொட்டிய இனிப்பு ஒரே நேரத்தில் இரத்தத்தில் ஏறுகிறது. சதையி பதறி இன்சுலினை அள்ளி வீசுகிறது. இனிப்பு தீர்ந்த பின்பும் இன்சுலின் தீரவில்லை. சீனி பள்ளத்தில் விழுகிறது. இது சரி. ஆனால் சதையி ஏன் இவ்வளவு பதற வேண்டும்? வாய்வழி உண்ட சீனி, ஊசிவழி ஏற்றிய அதே சீனியைவிட மிகுதியான இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது என்று 1964-இல் ஆய்வாளர்கள் காட்டினர். அப்படியானால் குடல் சதையிக்கு ஏதோ தூது அனுப்புகிறது. அந்தத் தூதுகளுள் முக்கியமான ஒன்று 1980-களில் அடையாளம் காணப்பட்டது. ஜிஎல்பி-1 என்னும் ஹோர்மோன் அது. சுற்றுவழி வெட்டிய குடலில் உணவு கொட்டும்போது இந்தத் தூது பன்மடங்கு மிகுந்து போகிறது. இன்று எடை குறைக்கவும் நீரிழிவுக்கும் உலகெங்கும் பெருவிலைக்கு விற்கப்படும் ஊசி மருந்துகள் இதே ஹோர்மோனைப் போலி செய்தவையே என்பது வாசகர் அறியத்தக்கது.

எடை குறைக்கும் சத்திரசிகிச்சை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற வைத்தியர், புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை இழந்தவர்கள் சதை பிடிக்காமல் மெலிந்தே இருப்பதைக் கவனித்தார். புண்ணாளிக்கு அது வேண்டாத விளைவு. பருத்தவருக்கு அதையே வேண்டிய விளைவாக ஆக்கினால் என்ன? 1966-இல் அவர் இரைப்பையின் மேல்முனையில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்தெடுத்துக் குடலோடு இணைத்தார். பிற்காலத்தில், சுவிற்சர்லாந்தின் சீசர் ரூ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த கிளைவழி இணைப்பு இதனோடு சேர்க்கப்பட்டது. இன்று பெருவழக்கில் உள்ள முறைகளுள் ஒன்று இதுவே.

ஆகவே அந்த வாசகரின் கேள்விக்கு விடை இது: பட்டினியும் புண்ணும் தின்ற ஏழையின் வயிற்றில் உலகெங்கும் கற்ற பாடத்தைத்தான் செல்வரின் வயிற்றில் எழுதினார்கள். பாடத்தோடு அதன் பிழைகளும் போயின. மெலிவு போனது போலவே மயக்கமும் போனது.

2005-ஆம் ஆண்டு இதற்கு ஒரு திருப்பம். மேயோ வைத்திய நிலையத்து அறிஞர்கள், எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் உணவு உண்ட பின் கடும் சீனித் தாழ்வால் மூளை தடுமாறிய ஆறு நோயாளர்களைப் பற்றி எழுதினர். அவர்களுடைய சதையியில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்கள் பெருகியிருப்பதைக் கண்டு, சதையியில் ஒரு பகுதியை வெட்டி அகற்றினர். உடனே உலகம் அவ்வழியே சாய்ந்தது. ஆனால் அகற்றிய பின்பும் பலருக்கு மயக்கம் திரும்பியது. குற்றம் பெரிதும் குடலின் தூதில் இருக்கும்போது சதையியைத் தண்டித்து என்ன பயன்? இன்று அந்த வெட்டு அரிதாகவே பரிந்துரைக்கப்படுகிறது. உணவு முறையே முதல் சிகிச்சை. வெட்டியதால் வந்ததை வெட்டியே தீர்க்கலாம் என்ற எண்ணம் ஒரு தொழிலின் மனப்பழக்கம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இடையில் ஒரு கேலிக்கூத்தும் நடந்தது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அமெரிக்காவில் சோர்வு, சலிப்பு, மனக்கவலை எல்லாவற்றுக்கும் ‘இரத்தத்தில் சீனிக் குறைவு’ என்று பெயர் சூட்டுவது நாகரிகமாயிற்று. 1973-இல் அந்நாட்டு வைத்தியச் சங்கங்கள் கூடி, இது பரவலான நோயன்று என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று. வியாபாரத்துக்காக ஊதிய பொய் நோய்களின் நிழலில் மெய்யான நோயாளி ஐயத்துடன் பார்க்கப்படுவான். இந்த மயக்கத்தைச் சொல்லி வைத்தியரிடம் போகிற பெண்ணுக்கு “நரம்புத் தளர்ச்சி” என்ற பதில் கிடைப்பதில் அந்த நாகரிகத்துக்கும் ஒரு பங்கு உண்டென நாம் எண்ணுகின்றோம்.

நம் நாட்டிலும் இச்சத்திரசிகிச்சை இப்போது கொழும்பில் நடைபெறுகிறது. இலங்கையில் வளர்ந்தோருள் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக 2005-06-இல் நடந்த நாடளாவிய ஆய்வு காட்டியது. நகரத்தோடு ஒப்பிடத் தோட்டப்புறம் இந்நோயில் பின்தங்கியே இருந்தது. ஆனால் தோட்டத்தில் பிறந்து ஆசிரியரானவர், கடைச் சிப்பந்தியானவர், வெளிநாடு சென்று வந்தவர் ஆகியோரின் உடலை அந்தக் கணக்கு காட்டாது. பசியில் பிறந்த உடல், கோதுமை மாவும் சீனியும் எண்ணெயும் மலிவாகக் கிடைக்கும் வாழ்வுக்குள் புகும்போது விரைவில் பருக்கிறது. அவர்களுள் சிலர் இந்தக் கத்தியின் கீழே போவார்கள். புற்றுநோய்க்காக இரைப்பையை இழந்தவர்களும் இதே மயக்கத்துக்கு ஆளாகலாம். அந்நோய்க்கு ஏழை பணக்காரர் என்ற பேதம் இல்லை.

அப்படி ஓர் ஆசிரியை ஓப்பநாயக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்குச் சீனி போட்ட தேத்தண்ணியும் இரண்டு ரொட்டியும். ஒன்பது மணிக்குக் கரும்பலகையில் எழுதும் கை நடுங்குகிறது. எழுத்து கோணுகிறது. பிள்ளைகள் சிரிக்கின்றனர். அதிபர் அறையில் உட்காரவைத்து ஒரு கோப்பை இனிப்புத் தேத்தண்ணி கொடுக்கிறார்கள். கித்துள் கருப்பட்டித் துண்டும் கூட வருகிறது. பத்தே நிமிடத்தில் தெளிவு. பதினொரு மணிக்கு மீண்டும் அதே நடுக்கம். அன்பினால் கொடுத்த இனிப்பு, அடுத்த இன்சுலின் வெள்ளத்தை அழைத்து வந்துவிட்டது.

இங்கு செய்யத்தக்கது யாது? மயக்கம் வந்த அந்த நேரத்தில் சீனி வேண்டும் என்பதில் ஐயமில்லை. அளவு வேண்டும். 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று, நான்கு தேக்கரண்டிச் சீனியைக் கரைத்த சிறிதளவு நீர். பதினைந்து நிமிடம் பொறுத்துக் கருவியில் விரல் நுனி இரத்தத்தைச் சோதிக்க வேண்டும்; ஏறாவிட்டால் மறுபடியும் அதே அளவு. ஏறியதும் நிறுத்திவிட்டு, உடனே புரதம் உள்ள சிறு உணவு: ஓர் அவித்த முட்டை, ஒரு பிடி அவித்த கடலை, கொஞ்சம் பயறு. இந்த இரண்டாம் படியே மறுவீழ்ச்சியைத் தடுப்பது. இதைத்தான் எல்லாரும் மறக்கின்றனர். நினைவிழந்து கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுவார்கள்.

மயக்கம் வராமல் காப்பதே பெரிய வேலை. மூன்று வேளை வயிறார உண்பதை விட்டு ஐந்து, ஆறு வேளை சிறிது சிறிதாக உண்ண வேண்டும். பருப்பு, மீன், முட்டை, கடலை முதலில். சோறும் ரொட்டியும் பின்னர், அதுவும் அளவாக. நன்கு மென்று, மெதுவாக. உணவோடு நீர் அருந்தாமல் அரை மணி விட்டு அருந்த வேண்டும். நீர் உணவை அடித்துக்கொண்டு இறங்கும். கஞ்சியும் அவ்வாறே, நோயாளிக்கு நல்லதென்று நாம் கொடுக்கும் நீர்த்த கஞ்சி இந்த நோயாளிக்கு அவ்வளவு நல்லதன்று. இனிப்புத் தேத்தண்ணி, சோடா வகைகள், வெறும் வயிற்றில் மது ஆகியவற்றை விலக்க வேண்டும். இவ்வளவும் போதாதபோது வைத்தியர் அகார்போஸ் என்ற மருந்தைத் தருவதுண்டு. மாச்சத்தும் சீனியும் குடலில் உடைபடுவதை அது தாமதப்படுத்தும். அதை உண்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று: அவருக்கு மயக்கம் வந்தால் அடுக்களைச் சீனியும் கருப்பட்டியும் விரைந்து வேலை செய்யா, அவையும் உடைபட வேண்டிய சீனிகளே. அவருக்கு வேண்டியது தூய குளுக்கோஸ். தோட்டத்து டிஸ்பென்சரியிலும் பாடசாலை முதலுதவிப் பெட்டியிலும் ஒரு குளுக்கோஸ் பைக்கற்று இருப்பதும் இல்லாதிருப்பதும் ஓர் உயிரின் கணக்கு.

இனி எஞ்சுவது நேரம். இந்த நோய்க்கு மருந்து என்று சொன்னவற்றைத் திரும்பிப் பார்த்தால் அவற்றுள் பெரும்பகுதி நேரமே. ஆறு தடவை உட்கார நேரம், மெல்ல நேரம், பதினைந்து நிமிடம் பொறுத்துச் சோதிக்க நேரம். தோட்டத்தின் சரித்திரத்தில் தொழிலாளிக்கு மறுக்கப்பட்ட பொருள்களுள் முதன்மையானது நேரம். இரயில் இரத்தினபுரியை எட்டிய அதே 1912-இல்தான் தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் பற்றிய சட்டமும் இயற்றப்பட்டது. தோட்டத்துரை மருந்து தர வேண்டும் என்றாயிற்று. கொய்கிற கை ஓயாமலிருக்க மருந்து வேண்டும் என்பதை அரசு உணர்ந்தது. உண்ணுகிற வாய்க்கு ஓய்வு வேண்டும் என்பதை யாரும் எழுதவில்லை. குறித்த கிலோ கொழுந்து நிறுவையில் நிற்காவிட்டால் அரைப்பேர். நிரையின் நடுவில் முட்டையை உரித்துக்கொண்டு உட்காருகிற பெண் தன் சம்பளத்தையும் சேர்த்து உரிக்கிறாள். 1973-74-ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் அற்றுப்போய்த் தோட்டங்களில் மரணம் பெருகியபோது, கிழங்கு தோண்டக் காட்டுக்குப் போன மக்களின் மயக்கத்துக்கு இரத்தச் சீனியை யாரும் அளந்து பார்க்கவில்லை.

ஓர் இடைக்குறிப்பு. இந்த மயக்கத்தின் மையத்தில் இருக்கும் சீனியும் தேயிலையும் தமிழருக்கு அந்நியப் பொருள்கள் அல்ல. 1834-இல் தொடங்கி மொரிஷியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீஜிக்கும் கப்பலேறிய நம்மவர் கரும்பு வெட்டினர். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த நம்மவர் முதலில் கோப்பியையும் பின்பு தேயிலையையும் வளர்த்தனர். ஒரே கோப்பையில் இருவர் உழைப்பும் கலந்து, ஆங்கில ஆலைத் தொழிலாளியின் பசியை மலிவாக மறைத்தது. பசியை உணவால் தீர்க்காமல் இனிப்பால் மறைக்கும் பழக்கம் லயத்திலும் மான்செஸ்டரிலும் ஒரே காலத்தில் பிறந்தது.

அந்த ஆசிரியைக்குத் திரும்புவோம். அவருக்குச் சீனித் தாழ்வு இருக்கிறது என்று கருவி காட்டிவிட்டால், செலவு அதிகமில்லை. மேசை இழுப்பறையில் ஒரு டப்பா அவித்த கடலை. சிறு பொதியில் குளுக்கோஸ். இரண்டாம் பாடத்துக்கும் மூன்றாம் பாடத்துக்கும் இடையில் பத்து நிமிடம். முதல் இரண்டையும் அவரே வாங்கிக்கொள்வார். பத்து நிமிடத்தைப் பாடசாலை கொடுக்க வேண்டும். அடுத்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு சக ஆசிரியர் முன்வர வேண்டும். பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்கலாம்: டீச்சரின் கை நடுங்கினால் சிரிக்க வேண்டாம், இழுப்பறையைத் திறந்து சிறு பொதியை எடுத்துக் கொடுங்கள் என்று. கொழுந்து மலையில் அந்தப் பத்து நிமிடத்தை யார் கொடுப்பது என்ற கேள்வி, சங்கங்கள் கம்பனிகளோடு சம்பளம் பேச அடுத்த தடவை உட்காரும்போது மேசைமேல் இருக்க வேண்டியது.